நாடகக் கட்டுரையில் மார்க் எங்கே கசிகிறது? அறிகுறி வாரியாக ஒரு பழுதுபார்ப்பு

இலக்கியத் தேர்வுக்கு நாடகம் பாடமாக இருக்கும் மாணவர்களைத் தயார் செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் "இன்னும் ஆழம் தேவை" என்று எழுதிக் கொடுப்பது எல்லோருக்கும் பழக்கம். நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். மாணவர் அதைப் படித்துத் தலையாட்டுவார், அடுத்த தாளும் அச்சு அசலாக முதல் தாள் மாதிரியே வரும். ஆழம் வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். அதற்கு நாளைக்குக் காலையில் உட்கார்ந்து எதைச் செய்வது என்பதுதான் தெரியாது.

அதனால் அறிகுறியில் தொடங்குவோம். தாளில் என்ன தெரிகிறது, அது எதனால் வந்தது, என்ன பயிற்சி கொடுத்தால் போகும் என்று பார்ப்போம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்திலிருந்தே தருகிறேன். தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: நோரா முன்பு ஒரு சமயம் கணவன் ஹெல்மரின் உயிரைக் காப்பாற்ற, தன் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கியிருக்கிறாள். இப்போது ஹெல்மர் வங்கி மேலாளராகப் பதவி ஏற்கப் போகிறான். கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் அதே வங்கியில் வேலை போகும் நிலையில் இருப்பவன். அவன் நோராவை மிரட்டுகிறான், எல்லாவற்றையும் சொல்லி ஹெல்மருக்குக் கடிதம் எழுதுகிறான். ஹெல்மர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொதிக்கிறான். கடன் பத்திரத்தைத் திருப்பி அனுப்பும் இரண்டாவது கடிதம் வந்ததும் அடங்குகிறான். நோரா கிளம்பிப் போய்விடுகிறாள்.

முதலில் ஒரு சோதனை

தாளைக் கையில் எடுத்ததும் கேள்வியை மறைத்துவிடுங்கள். அந்த நாடகத்தைப் படித்த வேறொரு மாணவரிடம் விடையை மட்டும் கொடுத்து, "இது என்ன கேள்விக்கு எழுதின பதில்?" என்று கேளுங்கள். "கதையைச் சுருக்கி எழுது" என்றால் முதல் அறிகுறிக்குப் போங்கள். "நோராவைப் பற்றிக் கட்டுரை வரைக" என்றால் இரண்டாவது. கேள்வியைச் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனாலும் மார்க் வரவில்லை என்றால் மூன்றிலிருந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். திருத்துகிற நாம் கேள்வியைத் தெரிந்துகொண்டே படிப்பதால், தாளில் இல்லாத பதிலையும் நம் மனசு நிரப்பிக்கொள்கிறது. சோதனை அதைத் தடுக்கிறது.

1. தாள் நிறையக் கதை

ஒவ்வொரு பத்தியின் முதல் சொல்லையும் வட்டமிடுங்கள். "பிறகு", "அப்போது", "இதற்கிடையில்", "மறுநாள்" என்று காலம் காட்டும் சொற்களாக வந்தால் வேறு ஆதாரமே வேண்டாம்.

இது சோம்பலால் வருவதில்லை, பயத்தால் வருகிறது. தான் நாடகத்தைப் படித்துவிட்டதாகத் திருத்துபவரை நம்ப வைக்க வேண்டும் என்று மாணவர் நினைக்கிறார். திருத்துபவர் அந்த நாடகத்தைப் பலமுறை படித்தவர், அவருக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

மீதிப் பேருக்கு ஒரு பயிற்சி. கேள்வி இது என்று வைத்துக்கொள்வோம்: "நோரா வீட்டை விட்டுப் போவது திடீர் முடிவா?" மாணவர் இப்படி எழுதியிருக்கிறார்:

"நோரா கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வருகிறாள். அவள் பையிலிருந்து மக்ரூன் எடுத்துத் தின்கிறாள். பிறகு ஹெல்மர் வந்து இனிப்பு சாப்பிட்டாயா என்று கேட்கிறான். அவள் இல்லை என்று பொய் சொல்கிறாள்."

இதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் சிக்கல். எந்த வாக்கியத்தையும் யாரும் மறுக்க முடியாது. மாணவருக்கு நான் கொடுக்கும் விதி ஒன்றே ஒன்று: பத்தியின் முதல் வாக்கியம், நாடகத்தைப் படித்த இன்னொருவர் "அப்படி இல்லையே" என்று சொல்ல முடிகிற வாக்கியமாக இருக்க வேண்டும். "நோரா மக்ரூன் தின்கிறாள்" என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதையே மாணவர் இப்படித் திருப்பினார்:

"வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களிலேயே நோரா கணவனுக்குத் தெரியாத இன்னொரு வாழ்க்கை வாழப் பழகியவள் என்று தெரிந்துவிடுகிறது. மக்ரூனைத் தின்றுவிட்டுத் தின்னவில்லை என்கிறாள். விஷயம் அற்பமானது, ஆனால் பொய் தயக்கமில்லாமல் வருகிறது. கடைசியில் வெளியேறுகிறவள் இந்தப் பொய்களை விட்டுத்தான் வெளியேறுகிறாள்."

மக்ரூன் அதே மக்ரூன்தான். முன்பு அது சம்பவம், இப்போது சாட்சி. சம்மதிக்காதவரும் இருக்கலாம்: இனிப்பைப் பற்றிச் சொல்லும் சின்னப் பொய்யை இன்னொரு வாழ்க்கை என்பது மிகை இல்லையா? இருக்கட்டும். அந்தக் கேள்வி எழுகிற இடத்தில்தான் கட்டுரை உயிரோடு இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. கதையைப் பின்னாலிருந்து எழுதச் சொல்லுங்கள், கடைசிக் காட்சியில் ஆரம்பித்து முதல் காட்சிக்கு. "பிறகு" என்ற சொல்லுக்கே இடம் இருக்காது. "இதற்குக் காரணம்", "இதன் விதை" என்றுதான் எழுத வேண்டி வரும். ஒரு வாரம் இப்படி எழுதினால் பழக்கம் உடைந்துவிடும்.

2. கட்டுரை நன்றாக இருக்கிறது, கேட்ட கேள்விக்கு அல்ல

கேள்வியின் முக்கியச் சொல் முன்னுரையில் ஒருமுறையும் முடிவுரையில் ஒருமுறையும் வரும். நடுவில் உள்ள மூன்று பக்கத்தில் அதன் வாசனையே இருக்காது. "பயம்" பற்றிக் கேட்டாலும் "பணம்" பற்றிக் கேட்டாலும் அதே நோரா கட்டுரையைக் கொண்டுவந்து இறக்கி வைத்திருப்பார். மனப்பாடம் செய்ததைத் திட்டாதீர்கள். மனப்பாடம் செய்த அளவுதான் தப்பு. முழு வீட்டையே மனப்பாடம் செய்திருக்கிறார், செங்கற்களைச் செய்திருக்க வேண்டும்.

நாடகத்திலிருந்து எட்டு முதல் பத்துத் தருணங்கள் போதும். அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும்: எந்த அங்கம், மேடையில் யார் யார், என்ன நடக்கிறது, என்ன சொல்கிறார்கள். அதன்பின் ஒவ்வொரு தருணத்தையும் மூன்று கேள்விக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும். இரண்டாம் அங்கத்தில் நோரா டாரன்டெல்லா நடன ஒத்திகை பார்க்கிறாளே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பயம் பற்றிய கேள்வியா? அவள் ஆடுவது கணவன் கடிதப் பெட்டியைத் திறக்கப் போகாமல் இருக்க. கூந்தல் அவிழ்ந்து விழுவதைக்கூடக் கவனிக்காமல் ஆடுகிறாள். திருமணம் பற்றிய கேள்வியா? அவன் ஆட்டத்தைத் திருத்துகிறான், சொல்லிக் கொடுக்கிறான். அவள் வாழ்க்கையே அவன் சொல்லிக் கொடுத்த ஆட்டம்தான். நடிப்பு, வேஷம் என்று கேள்வி வந்தால் இந்தக் காட்சிக்கு விளக்கமே தேவையில்லை.

பயிற்சி: துண்டுச் சீட்டில் தருணங்கள் ஒரு கட்டு, கேள்விச் சொற்கள் இன்னொரு கட்டு. இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து ஐந்து நிமிடத்தில் ஒரு பத்தி. சில ஜோடிகள் பொருந்தவே பொருந்தாது. "பொருந்தவில்லை, இந்தக் கேள்விக்கு இந்தக் காட்சியை எடுக்க மாட்டேன்" என்று மாணவரே சொன்னால் அதுவும் வெற்றிதான். தேர்வு ஹாலில் பலர் தவறுவது அந்த முடிவை எடுக்க முடியாமல்தான்.

3. நாடகம் என்பதே மறந்துபோன தாள்

இந்த அறிகுறியில் கொஞ்சம் நிற்கிறேன். மற்ற எல்லாவற்றையும்விட மார்க் அதிகம் கசிவது இங்கேதான் என்று நினைக்கிறேன். சிலர் "இந்த நாவலில்" என்றே எழுதிவிடுவார்கள். அது அப்பட்டமாகத் தெரிவதால் பரவாயில்லை. ஆபத்தான வடிவம் வேறு: "நாடகம்" என்ற சொல் பத்து இடத்தில் இருக்கும், ஆனால் தாளில் கதவு இருக்காது, நாற்காலி இருக்காது, மௌனம் இருக்காது, பார்க்கிறவர் இருக்க மாட்டார். மேடைக் குறிப்பு ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். சோதனை சுலபம். அந்தக் கட்டுரை ஒரு சிறுகதையைப் பற்றியது என்று வைத்துக்கொண்டு படியுங்கள். எங்கேயும் இடிக்கவில்லை என்றால் இந்த நோய்தான்.

காரணம், அவர்கள் நாடகத்தைப் படிக்கும்போது சாய்ந்த எழுத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வசனம்தான் "பாடம்", மற்றது அலங்காரம் என்று நினைப்பு. 'பொம்மை வீடு' நாடகத்தில் வசனத்தை மூடிவிட்டு மேடைக் குறிப்பை மட்டும் படித்துப் பாருங்கள். முதல் அங்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்குள் வருகிறது. இரண்டாம் அங்கம் திறக்கும்போது அதே மரம் மூலையில், அலங்காரம் உரிந்து, மெழுகுவர்த்திகள் எரிந்து முடிந்த கோலத்தில் நிற்கிறது. இடையில் நோராவுக்கு என்ன ஆனது என்று யாரும் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. மூன்றாம் அங்கத்தில் அவள் நடன உடையைக் கழற்றிவிட்டு அன்றாட உடையில் வருகிறாள். இன்னும் தூங்கப் போகவில்லையா என்று ஹெல்மர் கேட்கிறான், அவள் உட்காரச் சொல்கிறாள். பேச்சு தொடங்குவதற்கு முன்பே உடை பேசிவிட்டது. கடைசியில் கீழே கதவு சாத்தும் சத்தம் மட்டும் கேட்கிறது. நாடகத்தின் கடைசி வார்த்தை ஒரு வார்த்தையே அல்ல, சத்தம்.

வகுப்பில் இதற்கு நாற்காலிப் பயிற்சி என்று ஒன்று வைத்திருக்கிறேன். முக்கியமான காட்சி ஒன்றை எடுத்து நாலு நாற்காலி போட்டு ஆட்களை நிறுத்த வேண்டும். நடிக்கத் தெரிய வேண்டியதில்லை, நின்றால் போதும். பிறகு நான்கே கேள்வி:

மேடையில் யார் இருக்கிறார்கள்?
இருந்தும் பேசாமல் இருப்பவர் யார்?
யார் கையில் என்ன இருக்கிறது?
யாருக்குத் தெரிந்தது யாருக்குத் தெரியாது?

இரண்டாவது கேள்விதான் தங்கச் சுரங்கம். சோபக்ளீஸின் 'ஈடிபஸ்' நாடகத்தில் கொரிந்திலிருந்து வந்த தூதன் ஈடிபஸின் பிறப்பு பற்றிச் சொல்லச் சொல்ல, பேச்சு முழுக்க அந்த இரண்டு பேருக்குள் ஓடுகிறது. ஈடிபஸின் மனைவி யொகாஸ்டா பக்கத்திலேயே நிற்கிறாள், பேசவில்லை. கணவன் தன் மகனேதான் என்பது ஈடிபஸுக்கு முன்பே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. புத்தகத்தில் அவள் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லாததால் மாணவர்களுக்கு அவள் இருப்பதே தெரியாது. நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, மற்ற இருவரையும் படிக்கச் சொன்னேன். பாதியில் வகுப்பே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. "நான் என்ன செய்யணும்?" என்று அவள் கேட்டாள். அன்றைய பாடம் அந்தக் கேள்விதான்.

மூன்றாவது கேள்விக்குக் கடிதப் பெட்டி. கடிதம் பெட்டிக்குள் கிடக்கிறது, சாவி ஹெல்மரிடம். நோராவுக்குக் கடிதம் உள்ளே இருப்பது தெரியும், எடுக்க முடியாது. அந்தப் பூட்டைப் பற்றி ஒரு வரி எழுதினால், அந்தக் குடும்பத்தில் அதிகாரம் யாரிடம் என்பது பற்றிய அரைப் பக்கப் பிரசங்கம் மிச்சம்.

மேடையில் காட்டாததையும் கேட்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தில் டங்கன் மன்னனை மக்பெத் கொல்வதை நாம் பார்ப்பதில்லை. காத்திருக்கும் மனைவி, ஆந்தையின் குரல், ரத்தக் கையோடு திரும்பி வருகிறவன், பிறகு கதவு தட்டும் ஓசை, இவைதான் கிடைக்கின்றன. ஆனால் மக்பெத்தின் எதிரியான மக்டஃபின் மகன் கொல்லப்படுவது கண்ணெதிரே நடக்கிறது. ஏன் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்குச் சொந்தமாக ஒரு பதில் யோசித்த மாணவர் பிறகு நாடகத்தைக் கதையாகப் படிக்க மாட்டார்.

பக்க விளைவு ஒன்று உண்டு, எச்சரிக்கிறேன். "பார்வையாளரை நினைத்து எழுது" என்று சொன்ன மறுநாளே எல்லாப் பத்தியும் "இதைக் கண்டு பார்வையாளர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள்" என்று முடியத் தொடங்கும். எந்த அதிர்ச்சி என்று கேட்டால் முழிப்பார்கள். இதற்கு நம்மிடமே பழைய மருந்து இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது: நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு, அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்து, "அதிர்ச்சி" என்ற சொல்லுக்குத் தடை போட்டுவிடுங்கள். இரண்டாம் கடிதம் வந்ததும் ஹெல்மர் மன்னித்துவிட்டதாகப் பேசும்போது பார்க்கிறவருக்கு என்ன வருகிறது? வெகுளியா, இளிவரலா, கொஞ்சம் நகையா? ஒரு மாணவர் "மூணும் சார், ஆனா முதல்ல நகை" என்றார். ஏன் முதலில் நகை என்று எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் வந்தது.

4. மேற்கோள் நிறைய, பயன் இல்லை

நாலு வரி மேற்கோள், பிறகு "இதிலிருந்து நோராவின் மனநிலை விளங்குகிறது" என்று ஒரு வரி. பொன்னாடை போர்த்திவிட்டு ஆளைக் கவனிக்காமல் விடுவது மாதிரி.

மேற்கோளின் நீளத்தைக் குறையுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு மாதத்துக்குச் சட்டம் போடுங்கள். இரண்டாம் கடிதத்தைப் படித்ததும் ஹெல்மர் கத்துகிறான், தான் பிழைத்துவிட்டதாக. நோரா கேட்கிறாள், "அப்படியானால் நான்?" நம் மொழியில் "நான்", "நாம்", "நாங்கள்" மூன்றுக்கும் வேறு வேறு எடை உண்டு. அதனால் இந்த இடம் நம் மாணவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அவன் "நாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எட்டு வருஷத் திருமணம் அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. இதை எழுத நாலு வரி மேற்கோள் எதற்கு? ஒரு சொல் போதும், அதைச் சுற்றி நாலு வரி மாணவருடையதாக இருக்கட்டும்.

தனி மேற்கோளைவிட ஜோடி மேற்கோளுக்கு வலிமை அதிகம். கொலை நடந்த இரவில் லேடி மக்பெத் கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் கழுவிப் போய்விடும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள், அரேபியாவின் வாசனைப் பொருள் அத்தனையும் போதாது என்கிறாள். போதும் என்றவள் போதாது என்கிறாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே விளக்கம் பாதி முடிந்துவிட்டது. ஹெல்மர் நோராவைக் கூப்பிடும் பெயர்களும் அப்படித்தான். முதலில் வானம்பாடி, அணில். முதல் கடிதத்துக்குப் பின் பொய்க்காரி, குற்றவாளி. இரண்டாம் கடிதம் வந்ததும் மறுபடி பறவை. மேற்கோள் பட்டியலைக் காட்சி வரிசையில் மனப்பாடம் செய்வதை விட்டு, இப்படி ஜோடி ஜோடியாக எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறக்கவும் மறக்காது.

5. கலைச்சொல் மழை

"முரண்நகை, குறியீடு, உச்சக்கட்டம் ஆகிய உத்திகள் கையாளப்பட்டுள்ளன." கையாளப்பட்டு என்ன ஆச்சு? கலைச்சொல்லை எடுத்துவிட்டு அதே விஷயத்தைச் சாதாரண வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் கலைச்சொல்லைத் திருப்பிக் கொடுக்கலாம். முடியாவிட்டால் அந்தச் சொல் அவருக்கு இன்னும் சொந்தமாகவில்லை. அவ்வளவுதான் இதற்கு.

6. தீர்ப்பு வழங்கும் தாள்

"குழந்தைகளை விட்டுப் போனது நோரா செய்த பெரிய தவறு. ஒரு தாய் இப்படிச் செய்யக் கூடாது." அல்லது நேரெதிராக, "நோரா செய்தது நூற்றுக்கு நூறு சரி." இரண்டும் ஒரே நோய். மாணவர் பாத்திரத்தைத் தெரிந்த குடும்பத்துப் பெண் மாதிரி விசாரிக்கிறார். நாடகாசிரியர் என்று ஒருவர் இதையெல்லாம் திட்டமிட்டு வைத்திருக்கிறார் என்பது மறந்துபோகிறது.

கோபத்தை அடக்கச் சொல்லாதீர்கள். கோபம் வந்தால் படித்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கோபத்தைக் கேள்வியாக மாற்றிக் கொடுங்கள்: "அவள் ஏன் போனாள்?" என்பதை "அவள் போவதற்கு நாடகாசிரியர் எங்கெங்கே அடி போட்டு வைத்திருக்கிறார்?" என்று மாற்றுங்கள். உடனே மாணவர் தேடப் போவார். முதல் அங்கத்தின் கடைசியில் ஹெல்மர் சொல்கிறான்: இளவயதிலேயே கெட்டுப்போனவர்களில் அநேகமாக எல்லோருக்கும் பொய் சொல்லும் தாய் இருந்திருக்கிறாள். அதைக் கேட்கும் நோரா வெளிறிப் போகிறாள். இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்தில், தன்னை வளர்த்த தாதியிடம், சொந்தக் குழந்தையை அந்நியரிடம் விட எப்படி மனசு வந்தது என்று விசாரிக்கிறாள். யாருக்காக அந்த விசாரிப்பு? இந்த இரண்டு இடமும் கையில் இருந்தால் தாய்மை பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் இல்லை. சரியா தவறா என்று திருத்துபவரே தவிக்கும்படி எழுதலாம்.

7. வரலாற்றுப் பத்தி தனியே தொங்குகிறது

"பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்கள் அடிமைப்பட்டுக் கிடந்தனர்" என்று ஆரம்பித்து ஒரு பத்தி. பத்தியைக் கத்தரித்து எடுத்துவிட்டால் கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. ஆகாது என்றால் எடுத்தே விடுங்கள்.

பின்னணி நாடகத்துக்குள் கிடைக்கும்போதுதான் பிரயோஜனம். கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது என்று நோராவின் தோழி லிண்டே அம்மாள் நாடகத்திலேயே சொல்கிறாள். சட்டப் புத்தகத்தைத் தேடிப் போக வேண்டாம். வெளியிலிருந்து ஒரு தகவல்தான் வேண்டும் என்றால் இதை எடுக்கலாம்: 1880இல் ஜெர்மனியில் நோராவாக நடிக்க இருந்த நடிகை, குழந்தைகளை விட்டுப் போகும் முடிவை நடிக்க மறுத்தார். வேறு யாரோ மாற்றி எழுதிவிடக் கூடாது என்று இப்சனே மனமில்லாமல் ஒரு மாற்று முடிவை எழுதிக் கொடுத்தார். அதில் நோரா குழந்தைகள் தூங்கும் அறை வாசலில் தளர்ந்து விழுகிறாள், போகவில்லை. கதவு சாத்தும் அந்தச் சத்தம் அன்றைக்கு எவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்டிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முடிவைப் பற்றிய பத்திக்குள் ஒரே வாக்கியமாக இது போக வேண்டும், தனிப் பத்தியாக வேண்டாம்.

8. பிரமாதமாக ஆரம்பித்து பாதியில் நின்ற தாள்

இரண்டு காரணம் இருக்கலாம். கையெழுத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கடைசிப் பக்கத்தில் எழுத்து கோணிப் போயிருந்தால் நேரம் போதவில்லை. எழுத்து ஒரே சீராக இருந்து கட்டுரை மட்டும் நின்றிருந்தால் சரக்கு தீர்ந்துவிட்டது. இரண்டாவது வகைக்கு மேலே 2ஆம் அறிகுறிக்குப் போங்கள்.

நேரப் பிரச்சினை முன்னுரையில் ஆரம்பிக்கிறது. நாடகாசிரியரின் பிறப்பு, வளர்ப்பு, பிற படைப்புகள் எதுவும் வேண்டாம். முதல் வாக்கியமே கேள்விக்குப் பதிலாக இருக்கட்டும். 45 நிமிடக் கட்டுரை என்றால் 7 நிமிடம் திட்டம், 33 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் திரும்பப் படிக்க. அந்த 7 நிமிடத்தில் திட்டம் தவிர விடை ஒரு வரிகூட எழுதக் கூடாது என்றால் மாணவர்கள் பதறுகிறார்கள், பக்கத்தில் உள்ளவர் எழுத ஆரம்பித்துவிட்டாரே என்று. அதனால் திட்டம் போடுவதை மட்டும் தனியாகப் பழக்குங்கள். ஒரு பீரியடில் ஆறு கேள்வி, ஆறு திட்டம், கட்டுரையே கிடையாது. ஒவ்வொரு திட்டத்திலும் நாலு வரி: என் பதில் என்ன, மூன்று தருணங்கள் எவை.

பேச்சில் வெளுத்துக் கட்டி எழுத்தில் திணறுகிறவர்களுக்கும் இங்கேதான் மருந்து. அவர்களைப் போனில் பதிவு செய்யச் சொல்லிக் கேள்விக்கு மூன்று நிமிடம் வாயால் பதில் சொல்ல வையுங்கள். பிறகு அதைக் கேட்டுக்கொண்டே அவர்களே எழுதட்டும். தாளைப் பார்த்ததும் வரும் "இவ்வாறாக, எனவே, ஆதலால்" மொழிதான் அவர்களைத் தடுக்கிறது. சொந்த வாக்கியம் முதலில் தாளில் வரட்டும், நடையை அப்புறம் செப்பனிடலாம்.

9. குறை சொல்ல ஒன்றுமில்லை, மார்க்கும் ஏறவில்லை

நல்ல மாணவர்களின் நோய் இது. பதில் இருக்கிறது, சாட்சி இருக்கிறது, மேடை இருக்கிறது. ஆனால் முதல் வரியில் சொன்னதையே கடைசி வரியிலும் சொல்கிறார். நடுவில் அவருக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லை.

ஒரே ஒரு "ஆனாலும்" பத்தி போதும். நோராவின் வெளியேற்றம் முதல் காட்சியிலிருந்தே தயாராகிறது என்று வாதாடிக்கொண்டிருக்கிறார் அல்லவா? நிறுத்தி, எதிர்க்கட்சி வக்கீலாக ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். எதிர்க்கட்சிக்கு நல்ல கேஸ் இருக்கிறது: கடிதத்தை ஹெல்மர் படிக்கும்வரை நோரா ஓர் அற்புதத்துக்காகக் காத்திருக்கிறாள். கணவன் பழியைத் தானே ஏற்றுக்கொள்வான் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கை உடையும்வரை கணவனை விட்டு வேறு வாழ்க்கை தேடும் எண்ணம் அவளிடம் இல்லை. அப்படியென்றால் முடிவு திடீர்தானே?

இப்போது மாணவர் முதலில் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கும். ஒருவர் இப்படி முடித்திருந்தார்: "நாடகம் பார்க்கிறவரை முதலிலிருந்தே தயார் செய்கிறது. நோராவைத் தயார் செய்வதில்லை. அவளுக்கு அது திடீர், நமக்கு அல்ல." கேள்வியில் இருந்த "திடீர்" என்ற ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்துவிட்டார். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வந்தது.

ஒரே தாளில் நாலைந்து அறிகுறி இருந்தால்

எல்லாவற்றையும் ஒன்றாகச் சரிசெய்யப் போகாதீர்கள், மாணவர் நொந்துவிடுவார். கதை சொல்வதை முதலில் நிறுத்துங்கள், அடுத்து மேடை. இந்த இரண்டும் சரியானால் மேற்கோளும் தீர்ப்பும் பாதிக்குப் பாதி தானாகவே சரியாகும். கலைச்சொல்லையும் வரலாற்றையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். 9ஆம் அறிகுறியை 1ஆம் அறிகுறி உள்ளவரிடம் பேசவே வேண்டாம், குழம்பிப் போவார்.

தேர்வுக்கு மூன்றே நாள்தான் இருக்கிறது என்றால் புதிதாக எதையும் படிக்க வைக்காதீர்கள். ஆறு தருணம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து சொல்லுக்குள் ஒரு மேற்கோள், மேடையில் அப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி. மூன்றும் சேர்ந்து அரைப் பக்கம். மீதி நேரத்தில் பழைய கேள்விகளுக்குத் திட்டம் மட்டும் போடட்டும்.